நலவாழ்வுப் பாடம்: ஈறு நோயும் கத்தியில்லா வைத்தியமும்

வாசிக்க: 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கப்பட்டு வரும் பல் மருத்துவப் பிரிவைப் பற்றி இந்த இதழில் எழுத விரும்புகிறோம்.

அண்மையில் ஒரு சபையாரிடமிருந்து கடிதம் வந்தது. "ஈறு நோய்க்கு லேசர் வைத்தியம் வந்திருக்கிறதாமே, எங்கள் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையைக் கொண்டு அந்தக் கருவியை வாங்கித் தருகிறோம்" என்று அன்போடு எழுதியிருந்தார்கள். கர்த்தரை ஸ்தோத்திரித்தோம். ஆனால் உடனே "சரி" என்று பதில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அதன் காரணத்தை அவர்களுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அதுவே இந்தப் பாடம்.

நாகமானின் சரித்திரம் நீங்கள் அறிந்ததே. சீரியாவின் படைத்தலைவன், வெள்ளியும் பொன்னும் மாற்று வஸ்திரங்களும் எடுத்துக்கொண்டு குஷ்டம் நீங்க வந்தான். பெரிய காரியம் ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்தான். யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தான். ஈறு நோய் வைத்தியத்திலும் நோயாளிகளுக்கும், சில வேளைகளில் காணிக்கை கொடுப்பவர்களுக்கும், எங்களுக்குமே இந்த எண்ணம் வருவதுண்டு.

1. ஆட்டையாம்பட்டியில் கண்டது

சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது ஆட்டையாம்பட்டி. முறுக்குக்குப் பெயர்போன ஊர். விசைத்தறிச் சத்தமும் எண்ணெய்ச் சட்டி வாசனையும் கலந்த தெருக்கள். அங்கே முகாம் நடத்தியபோது முறுக்குச் சுற்றும் தொழில் செய்யும் ஒரு தாயார் எங்களிடம் வந்தார்கள். வயது ஐம்பதுக்குள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி.

"டாக்டருங்க, எல்லாத்தையும் பிடுங்கி விட்டிருங்க. பல்லு தேய்ச்சா ரத்தமா வருது. முறுக்கு வெந்த பதம் பாக்க ஒரு துண்டு கடிக்க முடியறதில்லீங்க. மருமகளைக் கூப்பிட்டுக் கடிச்சுப் பாக்கச் சொல்றேன்" என்றார்கள்.

வாயைத் திறந்து பார்த்தோம். சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கீழ்ப்பற்களின் உட்புறம் முழுவதும் கல்லைப்போல் காரை படிந்திருந்தது. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசிந்தது. சில பற்கள் ஆடின. இருந்தாலும் பெரும்பாலான பற்கள் காப்பாற்றக் கூடியவையே. சொத்தையில்லாத நல்ல பற்களைப் பிடுங்கிப் போடச் சொல்லி ஒருவர் கெஞ்சுவதைக் கேட்பது வருத்தமான காரியம். முகாமுக்கு முகாம் இதைக் கேட்கிறோம்.

2. ஈறு நோய் எப்படி உண்டாகிறது?

பல்லின் மேல் ஒவ்வொரு நாளும் மெல்லிய ஊத்தை படிகிறது. அது வெறும் உணவுத் துணுக்கு அல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் ஒரு படலம். அதைத் தினமும் துடைத்து எடுக்காவிட்டால் ஈறு வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் வருவது இதன் முதல் அடையாளம்.

1965-ஆம் ஆண்டு ஹெரால்ட் லோ என்ற நார்வே நாட்டுப் பல் மருத்துவரும் அவருடைய தோழர்களும் டென்மார்க்கில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நல்ல ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. ஆகவே நோயின் முதல் கட்டம் முழுவதும் மாறக் கூடியது. இதை நன்றியோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்காமல் விட்டால் ஊத்தையின் மேல் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து காரையாக இறுகுகிறது. காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. அதன்மேல் இன்னும் கிருமிகள் குடியேறுகின்றன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. ஆரோக்கியமான ஈறில் இந்தப் பள்ளம் 3 மி.மீ.க்கு மேல் போகாது. நோய் வந்தால் 5, 6, 7 மி.மீ. என்று ஆழமாகி, பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. வலி இல்லாமலேயே இவ்வளவும் நடக்கிறது. அதனால்தான் பல் ஆடத் தொடங்கிய பிறகே ஜனங்கள் வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி 100 கோடிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான ஈறு நோய் இருக்கிறது.

3. தேயிலைத் தோட்டம் தந்த பாடம்

வைத்தியம் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை தந்தவர்கள் நம் இனத்து ஏழைத் தொழிலாளிகள் என்பது பலருக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புக்காக இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போயின. அவர்கள் வழிவந்த தமிழ்த் தொழிலாளிகளில் 480 ஆண்களை, மேலே சொன்ன லோவும் அவருடைய தோழர்களும் 1970-ஆம் ஆண்டு முதல் பரிசோதித்து வந்தார்கள். அந்தத் தொழிலாளிகள் உடல் உரமுள்ளவர்கள். சொத்தைப் பல் அவர்களிடம் அரிது. ஆனால் பிரஷ் பழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

15 ஆண்டுகள் கண்டதை 1986-இல் வெளியிட்டார்கள். 100-க்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பற்களும் போய்விட்டன. 81 பேருக்கு மிதமான வேகத்தில் ஈறின் பிடிப்பு குறைந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது, பிடிப்பு குறையவில்லை. அதே காலத்தில் நார்வேயின் ஒஸ்லோ நகரில் ஒழுங்காகப் பல் வைத்தியம் பெற்று வந்தவர்களையும் பார்த்தார்கள். அங்கே ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. பிடிப்பு குறைந்தது, தோட்டத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ. இரண்டு மூன்று மடங்கு. 2010-இல் மறுபடி தேடிப்போனபோது பழையவர்களில் 75 பேரைப் பார்க்க முடிந்தது. 30 வயதில் ஈறின் பிடிப்பைப் பெரிதும் இழக்காதிருந்தவர்களே 60 வயதில் பெரும்பாலும் 20 பற்களையாவது வைத்திருந்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, எல்லாருக்கும் நோய் ஒரே வேகத்தில் வருவதில்லை. "எங்க தாத்தா ஒருநாளும் பல் துலக்கினதில்லை, தொண்ணூறு வயசு வரை கரும்பு கடித்தார்" என்று ஒருவர் சொன்னால் அதுவும் மெய்யாகவே இருக்கலாம். அவர் அந்த 11 பேரில் ஒருவர். மற்ற 89 பேரைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும். இரண்டாவது, வயது ஆனால் பல் விழும் என்பது விதி அல்ல. சுத்தமும் பராமரிப்பும் இருந்த இடத்தில் பல் நின்றது.

அறிவியலுக்கு இவ்வளவு பெரிய உண்மையைத் தந்த அந்த மனிதர்களுக்குச் சாதாரணப் பல் சுத்தம்கூடக் கிடைக்காதிருந்தது. ஆட்டையாம்பட்டித் தறிக்கூடத்திலும் முறுக்கு அடுப்படியிலும் இருப்பவர்களுக்காவது அது கிடைக்க வேண்டாமா?

4. கத்தியில்லா வைத்தியம் படிப்படியாக

ஐரோப்பிய ஈறு மருத்துவ நிபுணர்கள் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வைத்தியத்தைப் படிகளாகப் பிரிக்கிறது. நாங்களும் அந்த வழியில்தான் செய்கிறோம்.

முதற்படி, கற்றுக்கொடுப்பது. கண்ணாடியைக் கையில் கொடுத்து, இரத்தம் வரும் இடத்தை நோயாளியே பார்க்கும்படி செய்கிறோம். துலக்கும் முறையைக் காட்டி, அவர்களையே செய்து காட்டச் சொல்கிறோம். ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுக்கிறோம். புகையிலையை விடவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் உதவுகிறோம்.

இரண்டாம் படி, ஈறுக்குள்ளே சுத்தம் செய்வது. கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் பள்ளத்தை அளக்கிறோம். மரத்துப்போக ஊசி போட்டு, நுண்ணிய கைக்கருவியாலும் அதிரும் அல்ட்ராசோனிக் கருவியாலும் வேரின்மேல் ஒட்டியுள்ள காரையையும் கிருமிப் படலத்தையும் எடுக்கிறோம். கத்தியும் தையலும் கிடையாது. வாயை நான்கு பாகமாகப் பிரித்து இரண்டு மூன்று நாட்களில் செய்வதும் உண்டு. ஒரே மூச்சில் செய்வதும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தரும்.

பிறகு, சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கிறோம். ஈறு இறுகிப் பல்லைப் பிடிக்க அவ்வளவு காலம் வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, ஆறு முதல் எட்டு மாதத்தில் பள்ளங்களில் 100-க்கு 74 மூடிவிடுகின்றன. மீதியில் மறுபடி சுத்தம் செய்கிறோம். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம் மிஞ்சினால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பது மூன்றாம் படி. ஆகவே அறுவை வேண்டாதது என்று நாங்கள் சொல்லவில்லை. அது சிலருக்குத் தேவை. ஆனால் அது முதலில் வருவதல்ல.

நான்காம் படி, விடாமல் வந்துகொண்டிருப்பது. நோயின் தன்மைக்கு ஏற்றபடி மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுவதும்.

"ஒரு மாத்திரை கொடுத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. கிருமிப் படலத்தை இயந்திர முறையில் அகற்றாமல் மாத்திரை மட்டும் தருவதால் நிலையான பலன் இல்லை. எல்லாருக்கும் வழக்கமாக ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்றே வழிகாட்டுதலும் சொல்கிறது.

"க்ளீன் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும்" என்ற பயம் ஊருக்கு ஊர் இருக்கிறது. உண்மை என்னவென்றால், வீங்கிய ஈறு சுருங்கும்போதும் காரை போனபோதும், எலும்பு முன்பே கரைந்த இடம் வெளியே தெரிகிறது. சந்து நாங்கள் உண்டாக்கியதல்ல. காரை அதை மூடி வைத்திருந்தது. சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும், மெல்லக் குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளிகள் பயப்படுவதில்லை.

5. உடம்போடு சேர்ந்த நோய்

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஈறு நோய் அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது. ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கிறது. 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, ஈறு வைத்தியம் பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. அளவு சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் மருந்து மாத்திரையோடுகூட இது கிடைத்தால் நல்ல லாபம். இதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் இரத்தம் குறைவாகவே வரும். நோய் மறைந்து வளரும், வைத்தியத்தின் பலனும் குறையும். வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லுவது ஈறை மட்டுமல்ல, புற்றுநோயால் வாயையே அழிக்கக் கூடியது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி.

கர்ப்பிணிகளுக்கு ஈறு அதிகம் வீங்கும். அவர்களுக்கு ஈறு சுத்தம் செய்வது ஆபத்தில்லை என்று 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அதனால் குறைப்பிரசவம் குறையவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. கிடைக்காத பலனை நாங்கள் வாக்குப்பண்ணுவதில்லை.

வலிப்பு மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் ஈறைத் தடிக்கச் செய்யலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

6. எங்களுக்கும் ஒரு பாடம்

மறைக்காமல் எழுதுகிறோம். தறி ஓட்டும் ஒரு சகோதரருக்கு இரண்டாம் படி வரை நன்றாக வைத்தியம் செய்தோம். இரத்தம் நின்றது, வாய் நாற்றம் போயிற்று. "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சீட்டில் எழ்திக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அவர் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்தபோது முன்பற்கள் நான்கும் ஆடின, காப்பாற்ற முடியவில்லை.

"வலி இல்லீங்க, அதனால வரலை. வந்தா ஒரு நாள் கூலி போயிரும், பஸ் செலவு வேற" என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல எங்களால் முடியவில்லை. தறிக்காரர் எப்போது வரக்கூடும் என்று நாங்கள்தான் கேட்டிருக்கவில்லை. அதன்பின் மறுபரிசோதனையை மாலை வேளைக்கு மாற்றினோம். வராதவர்களின் பெயரைத் தனி நோட்டில் எழுதி, சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே போய்க் கூப்பிடுகிறார்.

முறுக்குத் தொழில் செய்யும் தாயார் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றை நான்கு தடவை வரச் செய்து சுத்தம் செய்தோம். பல் சந்துக்கு மெல்லிய நூலைக் காட்டியபோது, "ஊரே நூலை வெச்சுப் பொழைக்குது, பல்லுக்கும் நூலுங்களா?" என்று சிரித்தார்கள். (தறி நூலைப் போட வேண்டாம், ஈறை அறுக்கும் என்றும் சொல்லி வைத்தோம்.) சந்து அகலமாக இருந்ததால் நூலைவிடச் சிறு பிரஷ்ஷே அவர்களுக்கு ஏற்றது. மூன்று மாதம் கழித்து அளந்தபோது பெரும்பாலான பள்ளங்கள் குறைந்திருந்தன. அடுத்த முறை வந்தபோது ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்தார்கள். "பதம் நானே பாத்துட்டேனுங்க" என்றார்கள். அன்று எங்கள் பிரிவில் எல்லாரும் கர்த்தரைத் துதித்தோம்.

7. உங்கள் வீட்டில்

காலை ஒரு தரம், இரவு படுக்குமுன் ஒரு தரம், இரண்டு நிமிஷம் மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். பிரஷ் முனை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பட வேண்டும். இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். அங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். பல் சந்துகளை நாளுக்கு ஒரு தரம் சுத்தம் செய்யுங்கள்.

செங்கல் பொடி, சாம்பல், உப்புத்தூள் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும். வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் முன்னோர் அறிந்த நல்ல பழக்கமே. ஆனால் குச்சி பல்லின் உட்புறத்தையும் சந்தையும் எட்டுவது கடினம். ஆகவே பிரஷ்ஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலம், தருமபுரிப் பகுதிகளில் சில ஊர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். அதனால் சிறு வயதிலேயே பல்லில் உண்டான பழுப்புக் கறை, காரை அல்ல. அது சுத்தம் செய்வதால் போகாது. அதற்காகக் கரகரப்பான பொடியால் தேய்க்காதீர்கள்.

துலக்கும்போது இரத்தம், விடாத வாய் நாற்றம், ஈறில் சீழ், பல் நீண்டதுபோல் தோன்றுதல், ஆட்டம் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி வரும் வரை காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

8. லேசர் காணிக்கைக்கு எங்கள் பதில்

மேலே சொன்ன 2020 வழிகாட்டுதல், ஈறுக்குள் சுத்தம் செய்வதோடு லேசரைச் சேர்க்க வேண்டாம் என்றே ஆலோசனை சொல்கிறது. கூடுதல் பலன் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை. ஆகவே அந்தச் சபையாருக்கு இப்படிப் பதில் எழுதினோம்: "உங்கள் காணிக்கையைத் தள்ளவில்லை. லேசருக்குப் பதிலாக மூன்று காரியங்களுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி தாருங்கள். முனை மழுங்காத கைக்கருவிகளும் அவற்றைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரும் ஒன்று. ஏழை நோயாளிகளுக்குப் பிரஷ்ஷும் மறுபடி வருவதற்கான பஸ் கட்டணமும் இரண்டு. வீடு தேடிப்போகும் பணியாளரின் சம்பளம் மூன்று." இவற்றின்மேல் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினோம். அவர்கள் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள்.

நாகமான் ஒரு தரம் முழுகிவிட்டுக் கரையேறியிருந்தால் சுகம் பெற்றிருக்க மாட்டான். ஏழு தரமும் முழுகினான். அவனைப் போகச் சொல்லி வற்புறுத்தியவர்கள் அவனுடைய ஊழியக்காரர்கள். முதலில் வழி சொன்னவள் ஒரு சிறு பெண். நாங்களும் நீங்களும் செய்யக்கூடியது அதுதான்: எளிய வைத்தியத்தை அற்பமாக எண்ணாதபடி நோயாளியைத் தைரியப்படுத்துவதும், அவர் ஏழாம் தரமும் வந்து சேர வழி செய்வதும்.

சிந்திக்கவும் சபைக் கூட்டங்களில் பேசவும்

1. ஈறில் இரத்தம் வருவதை உங்கள் வீட்டார் சாதாரணமாக எண்ணியதுண்டா? என்ன செய்தீர்கள்?
2. தேயிலைத் தோட்ட ஆய்வில் 11 பேருக்குப் பிடிப்பு குறையவில்லை. அவர்களைக் காட்டி மற்றவர்கள் அஜாக்கிரதையாக இருப்பது ஏன் தவறு?
3. காணிக்கை கொடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் கருவியையே நாம் விரும்புவது ஏன்?
4. உங்கள் சபையில் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு பரிசோதனை செய்ய ஒரு நாள் ஒழுங்கு செய்ய முடியுமா?

ஜெபக் குறிப்புகள்

மறுபரிசோதனைக்கு வராமல் இருப்போர் திரும்ப வரும்படி; புகையிலைக்கு அடிமைப்பட்ட வாலிபர் விடுதலையாகும்படி; குனிந்தே வேலை செய்யும் எங்கள் பல் மருத்துவர்கள், செவிலியர்களின் கழுத்துக்கும் முதுகுக்கும் கர்த்தர் பெலன் தரும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்